வில் பவர் இல்லைன்னு உங்களைத் திட்டிக்கறதை நிறுத்துங்க

1/
ஒரு ராத்திரி டூட்டி. 29 வயசுப் பையன், மறைமலை நகர் பக்கம் ஷிப்ட் வேலை. ரெண்டு பேர் தோளைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு உள்ளே வர்றான். தொடை ரெண்டும் பலகை மாதிரி இறுகிப் போயிருக்கு. "சார், யூரின் கோலா கலர்ல போகுது"ங்கறான். ஜிம்ல சேர்ந்து அன்னிக்கு மூணாவது நாள்.

2/
இதுக்குப் பேர் ராப்டோமயோலிசிஸ். பழக்கமில்லாத தசையை ஒரேயடியா அளவுக்கு மீறி வேலை வாங்கினா தசை செல்கள் உடையும். உள்ளே இருக்கற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, சாதாரணமா 200-ஐ ஒட்டி இருக்கும். இவனுக்கு 60,000-ஐத் தாண்டியிருந்தது. அஞ்சு நாள் சலைன் ஏத்தினோம். டயாலிசிஸ் வரைக்கும் போகாம தப்பிச்சான்.

3/
"முதல் நாளே கால் நடுங்கியிருக்குமே தம்பி, ஏன் நிறுத்தலை?"
"நிறுத்தலாம்னுதான் சார் தோணுச்சு. மைண்ட் வீக்குன்னு சொல்லிடுவாங்களேன்னு முன்னூறு ஸ்குவாட்டையும் முடிச்சிட்டேன்."
போன்ல ஒரு ரீல்ஸ் காட்டினான். ஒருத்தர் கேமராவைப் பார்த்துக் கத்தறார். உடம்பு 'போதும்'னு சொன்னா அது பொய் சொல்லுதாம். மனசு பலமா இருக்கறவன் நிறுத்தவே மாட்டானாம்.
(அடையாளம் தெரியக்கூடாதுன்னு நோயாளிகளோட சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/
அடுத்த வாரம் ஓ.பி.யில இன்னொருத்தர். 47 வயசு அம்மா, சர்க்கரை நோயாளி. மூணு வருஷமா நான் எழுதிக் கொடுக்கற சீட்டுல மாத்திரைக்குக் கீழே "தினமும் 45 நிமிஷம் வாக்கிங்"னு இருக்கும். மூணு வருஷமா அவங்க நடக்கலை. "எனக்கு மன உறுதியே கிடையாது சார்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

5/
ஒருத்தன் அளவுக்கு மீறிப் பண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒருத்தங்க பண்ணவே முடியாம வெட்கப்பட்டாங்க. ரெண்டு பேரையும் கெடுத்தது ஒரே நம்பிக்கை: உடற்பயிற்சிங்கறது மனபலத்துக்கு வைக்கற பரீட்சை, முடியலைன்னா நீ பலவீனமானவன்.
இந்த நம்பிக்கை தப்பு. இதை வெச்சுக் காசு பார்க்கறவங்க மேலயும், இதையே நாசூக்கா சொல்லி அனுப்பற என்னை மாதிரி டாக்டர்கள் மேலயும் கோபத்துலதான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

6/
அந்த அம்மாகிட்ட முதல் தடவையா உட்கார்ந்து அவங்க நாளைக் கேட்டேன். காலையில 4:30-க்கு எழுந்து சமையல், மூணு டப்பா கட்டணும். 6:10-க்கு கம்பெனி பஸ். அங்கே எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. வீடு திரும்ப ஏழு மணி. மறுபடி அடுப்பு. தெருவுல ரெண்டு லைட் எரியாது, நாலு நாய் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல நடைபாதையைத் தேடித்தான் நடக்கணும்.
இவங்களுக்கு மன உறுதி இல்லையாம்! மூணு வருஷத்துல நான் இதைக் கேட்கவே இல்லை. தப்பு என் பேர்ல.

7/
இப்போ அறிவியலுக்கு வருவோம். 2009-ல பிரிட்டனோட பேங்கர் பல்கலைக்கழகத்துல 16 பேரை வெச்சு ஒரு ஆய்வு. ஒரு நாள் 90 நிமிஷம் கம்ப்யூட்டர் முன்னாடி மூளையைப் பிழியற வேலை. இன்னொரு நாள் அதே 90 நிமிஷம் சும்மா டாக்குமெண்டரி படம். ரெண்டு நாளும் அது முடிஞ்ச உடனே, முடியலைங்கற வரைக்கும் சைக்கிள் மிதிக்கணும்.
படம் பார்த்த நாள் சராசரி 754 விநாடி. மூளை களைச்ச நாள் 640 விநாடிதான்.

8/
கவனிங்க, இதயமும் நுரையீரலும் ரெண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செஞ்சது. மாறினது ஒண்ணுதான்: அதே மிதி, களைச்ச மூளைக்கு இன்னும் கஷ்டமா தெரிஞ்சது.
அதனால நைட் ஷிப்ட் முடிச்சோ, நாள் பூரா மீட்டிங்ல உட்கார்ந்தோ வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஷூவைப் பார்த்தாலே அலுப்பு வந்தா, அது சோம்பேறித்தனம் ஆகாது. களைச்ச மூளை அப்படித்தான் கணக்குப் போடும். அந்த நேரத்துல போய் "மோட்டிவேஷன் எங்கே?"ன்னு கேட்கறது, காய்ச்சல்காரனைப் பார்த்து "ஏன் சூடா இருக்கே?"ன்னு அதட்டற மாதிரி.

9/
சரி, மோட்டிவேஷன் குடுத்தா மாறுவாங்களா? 2002-ல வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, 248 கல்லூரி மாணவர்கள். அவங்களை மூணு குழுவா பிரிச்சாங்க.
முதல் குழுவுக்கு ஒண்ணும் சொல்லலை.
ரெண்டாவது குழுவுக்கு இதய நோய் பத்தியும் உடற்பயிற்சியோட பலன் பத்தியும் ஊக்கம் தர்ற பிரசுரம்.
மூணாவது குழுவுக்கு அதே பிரசுரம், கூடவே ஒரே ஒரு வேலை: "எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல செய்வேன்"னு எழுதிக் குடுக்கணும்.

10/
அடுத்த வாரத்துல குறைஞ்சது ஒரு தடவை 20 நிமிஷம் பயிற்சி செஞ்சவங்க:
ஒண்ணும் சொல்லாத குழுவில 38%.
ஊக்கம் மட்டும் வாங்கின குழுவில 35%.
நாள், நேரம், இடம் எழுதின குழுவில 91%.
மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்குதான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் நடு வரியை இன்னொரு தடவை படிங்க. ஊக்கப் பேச்சு கேட்டவங்க, ஒண்ணுமே கேட்காதவங்களைவிட ஒரு அடிகூட முன்னாடி போகலை.

11/
இதுக்கு பிரிட்டன் வரைக்கும் போகவே வேணாம். நம்ம ஊர்ல பாருங்க. கார்த்திகை பிறந்தா மாலை போடறாங்க. ஒரு மண்டலம் விரதம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து பச்சைத் தண்ணியில குளியல், வெறுங்கால், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அப்புறம் இருமுடியோட மலை ஏறறாங்க. மேல்மருவத்தூருக்கு மாலை போடற எத்தனையோ பெண்களும் இப்படித்தான்.
மாலையைக் கழட்டினதும் அதே ஆளை இருபது நிமிஷம் நடக்கச் சொல்லுங்க. "டைம் இல்லை சார்."

12/
அதே மனுஷன், அதே மனசு. மாலை போட்டப்போ மட்டும் எங்கிருந்து வந்தது அந்த உறுதி?
பக்தி இருக்கு, அதை நான் குறைச்சுச் சொல்ல வரலை. அந்த பக்தியைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடும் இருக்கு பாருங்க. ஆரம்பத் தேதி உண்டு, முடிவுத் தேதி உண்டு. கூட பத்து சாமிங்க உண்டு, குருசாமி உண்டு. வீட்ல சமையலே மாறுது. கழுத்துல மாலையைப் பார்த்தா டீக்கடைக்காரர்கூட சிகரெட் நீட்ட மாட்டார். ஒவ்வொரு காலையும் "போகலாமா வேணாமா"ன்னு மனசோட மல்லுக்கட்டற வேலையே இல்லை. அந்த முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு.

13/
திருக்கழுக்குன்றத்துல பௌர்ணமி கிரிவலம் போய்ப் பாருங்க. முட்டி வலின்னு என்கிட்ட வர்ற அறுபது வயசுப் பாட்டிங்க மலையைச் சுத்தி நடந்துட்டு, வழியில சுண்டல் வாங்கிக்கிட்டு வீடு போறாங்க. யாரும் அவங்களுக்கு ரீல்ஸ் அனுப்பலை. நாள் குறிச்சிருக்கு, பாதை தெரியும், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட வருவாங்க. முடிஞ்சது.

14/
இப்போ கடலுக்கு வாங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம்ம மாமல்லபுரத்துல நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில தனிநபர் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். எல்லாரும் கைதட்டினோம், "என்னா மைண்ட் ஸ்ட்ராங்"னு ஸ்டேட்டஸ் வெச்சோம்.
இந்தக் கரையில இந்த விளையாட்டு எப்படி வேர் பிடிச்சதுன்னு எத்தனை பேர் யோசிச்சோம்?

15/
கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன். 2012-ல அருண் வாசுவோட துணையில அங்கே சர்ஃப் ஸ்கூல் ஆரம்பிச்சார். குப்பத்துப் பிள்ளைங்களுக்குப் பலகை கிடைச்சது, கத்துக் குடுக்க ஊர்க்கார அண்ணன் கிடைச்சார். குடியும் சிகரெட்டும் கூடாதுங்கறது அங்கே விதி. கடலோ வாசல்லயே இருக்கு.
"உனக்கு மோட்டிவேஷன் இருக்கா?"ன்னு ஒரு பிள்ளையை நிறுத்திக் கேட்டிருந்தா, பதில் சொல்லத் தெரியாம தண்ணிக்குள்ள ஓடியிருக்கும்.

16/
மாமல்லபுரத்துக் கமலியைத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுலயே ஸ்கேட்டிங் பலகையிலயும் அலைப் பலகையிலயும் ஏறின பொண்ணு. அவங்களைப் பத்தின 'கமலி' குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போச்சு. எல்லாரும் அந்தப் பொண்ணோட தைரியத்தைப் பேசறோம். நான் தனியாளா நின்னு வளர்த்த அவங்க அம்மா சுகந்தியைப் பேசுவேன். ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து கதவைச் சாத்தியிருந்தா அந்தத் தைரியம் வீட்டுக்குள்ளயே கிடந்திருக்கும்.

17/
இது ஒரு பொண்ணோட கதை மட்டும் கிடையாது. 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்த கணக்கு: இந்தியாவுல வயசு வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடல் உழைப்பு இல்லை. ஆண்கள்ல 42%, பெண்கள்ல 57%.
பெண்களுக்கு மனபலம் கம்மின்னு இதுக்கு அர்த்தம் சொல்லுவீங்களா? பிரசவ வார்டுல ஒரு ராத்திரி நின்னுட்டு வந்து சொல்லுங்க பார்ப்போம். அவங்களுக்குக் கம்மியா இருக்கறது நேரம், வெளிச்சமான தெரு, "போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற ஒரு ஆள்.

18/
"அப்போ மன உறுதியே வேணாமா டாக்டர்?"
வேணும். ஆனா அது எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. முதல் தடவை அலைப்பலகையில ஏறற பையன் விழுவான். மறுபடி விழுவான். அன்னிக்குப் பூரா விழுவான். யாரும் அவனை வீக்குன்னு சொல்றதில்லை, ஏன்னா விழறதுதான் பாடம். எப்பவோ ஒரு தடவை ரெண்டு விநாடி நிக்கறான். அந்த ரெண்டு விநாடிதான் நாளைக்கு அவனை மறுபடி தண்ணிக்கு இழுக்குது. "என்னால முடியும்"ங்கறது செஞ்சு பார்த்து வர்ற நம்பிக்கை. கத்தி வர வைக்க முடியாது.

19/
அதனாலதான் முதல் படி சின்னதா இருக்கணும்னு கெஞ்சறோம். தோற்கவே முடியாத அளவுக்குச் சின்னதா. முதல் நாளே முன்னூறு ஸ்குவாட் பண்ணினவன் மனசு என்ன கத்துக்குது? "உடற்பயிற்சின்னா ஆஸ்பத்திரி." பத்து பண்ணிட்டு "இன்னும் பத்து பண்ணியிருக்கலாமே"ங்கற ஆசையோட வீட்டுக்குப் போனவன் நாளைக்கும் வருவான்.

20/
இன்னொரு விஷயம். கடல் தெரிஞ்சவங்க தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி கரையில நின்னு பார்ப்பாங்க. அலை எங்கே உடையுது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது. சரியில்லைன்னா அன்னிக்கு இறங்க மாட்டாங்க. அந்த மீனவரை யாராவது கோழைன்னு சொல்லுவோமா?
கடலைப் பார்த்ததும் "நான் பயப்பட மாட்டேன்"னு இறங்கற டூரிஸ்டுகளைத்தான் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கரையில தேடவேண்டியிருக்கு. எப்போ நிறுத்தணும்னு தெரியறதும் மன உறுதிதான். ரீல்ஸ்காரர் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

21/
அதனால எப்போ நிறுத்தணும்னு நான் சொல்றேன். தயவுசெஞ்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.
• நெஞ்சுல அழுத்தம், வலி, அது கை, தாடை, முதுகுன்னு பரவறது
• வழக்கத்துக்கு மீறின மூச்சுத் திணறல்
• தலைசுற்றல், கண் இருட்டறது, மயக்கம்
• படபடப்பு நிக்காம இருக்கறது
• அடுத்த நாள் தாங்க முடியாத தசை வலி, வீக்கம், சிறுநீர் கருஞ்சிவப்பா போறது
இதுல எது வந்தாலும் நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலின்னா உடனே 108. "கேஸ் டிரபிள்"னு சோடா குடிச்சிட்டு மறுபடி டிரெட்மில்ல ஏறாதீங்க.

22/
கடற்கரைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. நம்ம பக்கம் காத்துல ஈரம் அதிகம். வேர்வை கொட்டும், காயாது. வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். கத்திரி வெயில்ல பத்து மணிக்கு மேல இ.சி.ஆர்-ல ஓடறது வீரம் ஆகாது. வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் பிடிக்கும், மெதுவா கூட்டுங்க.
ஓடறவர் குழம்பிப் பேசினா, தள்ளாடினா, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோங்க, உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, 108-க்குப் போன் போடுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குளிர வைக்கறதை நிறுத்தாதீங்க.

23/
சரி, ஏற்பாடு பண்றது எப்படி? நான் இப்போ சீட்டுல எழுதறது இதுதான்:
அ) "எப்போ, எங்கே, யாரோட"ன்னு ஒரு வரி. உதாரணம்: "ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், மொட்டை மாடியில, பக்கத்து வீட்டு அக்காவோட."
ஆ) பத்தே நிமிஷம். 2020-ல உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியை மாத்தி, எவ்வளவு சின்னத் துண்டா செஞ்சாலும் கணக்குல சேரும்னு சொல்லியாச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம்ங்கறது போய்ச் சேர வேண்டிய ஊர். முதல் நாளே அங்கே நிக்க வேணாம்.
இ) வேகத்துக்கு அளவு: பேச முடியணும், பாட முடியக்கூடாது.
ஈ) வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை. நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கறதே போதும், ஆரம்பத்துக்கு.

24/
உ) ஒரு நாள் விட்டுப் போச்சா? விட்டுடுங்க, அடுத்த நாள் போங்க. "21 நாள்ல பழக்கம் ஆயிடும்"னு சொல்றதை நம்பாதீங்க. லண்டன்ல 96 பேரை வெச்சுப் பார்த்தப்போ ஒரு பழக்கம் படிய நடுத்தரமா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு. நடுவுல ஒரு நாள் தவறினதால பழக்கம் கலைஞ்சுடலை. 22-வது நாள் அலுப்பா இருந்தா உங்ககிட்ட கோளாறு இல்லை, அந்த 21-லதான் கோளாறு.

25/
"எங்க அப்பா காலத்துல ஏற்பாடு இருந்ததா? சும்மா சாக்கு சொல்றீங்க"ன்னு கமெண்ட் வரும். தெரியும். உங்க அப்பா காலத்துல வேலையே உடற்பயிற்சியா இருந்தது. ஏர் ஓட்டறதுக்கும், வலை இழுக்கறதுக்கும், திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டுக்கு சைக்கிள் மிதிக்கறதுக்கும் மோட்டிவேஷன் தேவைப்படலை, வயிறு இருந்தது. அன்னிக்கு வாழ்க்கையே அந்த ஏற்பாட்டைப் பண்ணிக் குடுத்தது. நாம அதைக் கழட்டிட்டு, பழியை மட்டும் தனி மனுஷன் தலையில வைக்கறோம்.

26/
கேட்க வேண்டியவங்ககிட்ட கேட்போம். 2023 நவம்பர்ல அரசு "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சது. நல்ல காரியம், பாராட்டறேன். ஆனா என் 47 வயசு அம்மாவுக்கு வேண்டியது அவங்க தெருவுல முந்நூறு மீட்டர் வெளிச்சம். நகராட்சிக்கு அந்த ரெண்டு லைட் பெரிய செலவா? வருஷத்துக்கு ஒரு நாள் மாரத்தான் டீ-ஷர்ட் குடுக்கற கம்பெனிகளே, ஷிப்ட்டுக்கு நடுவுல பத்து நிமிஷம் குடுங்களேன். வீட்டு ஆம்பளைங்களே, ராத்திரி பாத்திரத்தை ஒரு இருபது நிமிஷம் நீங்க தேய்ங்க. இதைவிட நல்ல மருந்து என் பார்மசியில இல்லை.

27/
நானும் யோக்கியன் இல்லை. ஜிம்முக்கு ஒரு வருஷ சந்தா கட்டிட்டு 11 நாள் போனவன். அப்புறம் மாசக்கணக்கா அந்த ரோட்டையே தவிர்த்து வேற வழியா கிளினிக் போனேன், வெட்கம்! இப்போ ரெண்டு வருஷமா நடக்கறேன். மனசு திருந்தலை. காலையில 5:40-க்குக் கீழே வந்து ஹாரன் அடிக்கற நண்பர் ஒருத்தர் கிடைச்சார், அவ்வளவுதான்.

28/
அந்த அம்மா? மொட்டை மாடியில பக்கத்து வீட்டு அக்காவோட பத்து நிமிஷம் ஆரம்பிச்சாங்க. இப்போ இருபத்தஞ்சு. இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துட்டாங்க. நாலு மாசம் கழிச்சு எச்.பி.ஏ1சி 8.4-லேர்ந்து 7.7. மாத்திரையை நான் கூட்டலை. "மன உறுதி வந்துடுச்சா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் தெரியாது சார். நான் போகலைன்னா அவங்க மூணு பேரும் கீழே வந்து கதவைத் தட்டுவாங்க"ன்னு சிரிச்சாங்க.

29/
அந்தத் தம்பி ரிப்போர்ட் எல்லாம் நார்மல் ஆனதும் வந்தான். "மறுபடி ஜிம் போகலாமா சார்?" போகலாம், பத்து ஸ்குவாட்ல ஆரம்பி, கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கோ, வலிச்சா நிறுத்துன்னேன்.
"நிறுத்தினா வீக்குன்னு சொல்லுவாங்களே?"
"அப்படிச் சொல்றவனை என் நம்பருக்குப் பேசச் சொல்லு. அஞ்சு நாள் உனக்கு சலைன் ஏத்தினது அவன் இல்லை, நான்."

30/
40 வயசைத் தாண்டினவங்க, சர்க்கரை, பி.பி., இதயப் பிரச்சினை இருக்கறவங்க கடினமான பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க. மெதுவா நடக்கறதுக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேணாம்.
கடைசியா ஒரு வேலை. இந்தத் திரெட்டை லைக் பண்ணிட்டுப் போகாதீங்க. உங்க வீட்டுல, தெருவுல "எனக்கு வில் பவர் இல்லை"ன்னு சொல்ற ஒரு ஆளை நினைச்சுக்கோங்க. நாளைக்கு சாயங்காலம் அவங்க கதவைத் தட்டி, "வாங்க, பத்து நிமிஷம் நடந்துட்டு வருவோம்"னு கூப்பிடுங்க.